நாலு முன்பல்லும் நூற்று நாற்பது மவுத்கார்டும்

பிரசாந்தி பல் செய்கிறவள். பல் வைத்தியர் இல்லை. ஆக்லாந்தில் எந்தத் தமிழ் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் இந்த வித்தியாசத்தை அவள் ஒருமுறையாவது விளக்க வேண்டியிருக்கும். வாயைத் திறந்து பார்ப்பவர், ஊசி போடுபவர், பிடுங்குபவர் எல்லாம் வைத்தியர். அவர் அச்செடுத்து ஒரு பெட்டியில் போட்டு அனுப்புவார். அந்தப் பெட்டி ஆல்பனியில் உள்ள, பல் செய்யும் ஒரு லாபுக்கு வந்து சேரும். அங்கே மேசை விளக்கின் கீழ், பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வாய்க்கு வேண்டிய பல்லைச் செய்து திருப்பி அனுப்புவது பிரசாந்தியின் வேலை. பல்லுக்குரியவரின் முகத்தை அவள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகு, கேட்டுக்கொண்டிருந்தவர் "அப்ப பிள்ளை, எனக்கு இந்தக் கடைவாய்ப் பல் ரெண்டு நாளாக் குத்துது" என்று வாயைத் திறந்து காட்டுவார்.

அவளுக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் நியூசிலாந்துக்கு வந்தவள். டனீடினில் மூன்று வருடம் இந்தத் தொழிலைப் படித்தாள். கணவன் சஞ்சீவனுக்கு விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. மகள் லோஜனாவுக்குப் பதின்மூன்று வயது. வீடு கிளென் ஈடனில். அங்கிருந்து வெஸ்ட்கேட் வழியாக, கிரீன்ஹைத் பாலம் தாண்டி, நெரிசலின் தயவைப் பொறுத்து நாற்பது நிமிடத்திலோ ஒரு மணி நேரத்திலோ லாபுக்குப் போய்ச் சேருவாள்.

லாபில் மொத்தம் ஆறு பேர். உரிமையாளர் ஹெதர், அறுபதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். பிடித்த வேலையைக் கண்டால் மட்டும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒருமுறை "ம்" என்பார். பிரசாந்தி பதினொரு வருடம் அங்கே வேலை செய்தும் அந்த "ம்" அவளுக்கு மிக அரிதாகவே கிடைத்தது. குற்றம் ஹெதருடையதல்ல. பிரசாந்தியின் மேசைக்கு வந்த சாமான்கள் அப்படி.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டும் உறைகள் வரும். கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போல் போடும் கிரவுன் வரும், அதிலும் பாதி வேலையை இயந்திரமே வெட்டித் தந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, விளையாடும்போது பல்லில் அடிபடாமல் மாட்டும் மவுத்கார்ட். மார்ச் பிறந்தால் ரக்பி, ஹாக்கி என்று பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஒன்றாக விழித்துக்கொள்ளும். பிள்ளைகளின் வாய் அச்சில் பிளாஸ்டர் வார்த்த மாதிரிகள் தட்டுத் தட்டாக வந்து குவியும். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி மாதிரியின் மேல் போட்டால், இயந்திரம் காற்றை உறிஞ்சி அதை அப்படியே இழுத்துப் பிடிக்கும். ஆறியதும் கத்தரித்து, விளிம்பை மெருகேற்றி, பெயர் ஒட்டிப் பையில் போட வேண்டும். பிறகு அடுத்தது. ஒருநாள் பிற்பகலில், தான் மதியம் சாப்பிட்டோமா என்பதே பிரசாந்திக்கு நினைவு வரவில்லை. பையைத் திறந்து, காலியாக இருந்த டப்பாவைப் பார்த்துத்தான் சாப்பிட்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டாள்.

ஜன்னலோரம் இருந்த மேசை மரே என்பவருடையது. முன்பற்கள் எல்லாம் அங்கேதான் போகும். முன்பல் செய்வது தனி வித்தை. பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் பல்லைச் சரியாகப் பார்க்காதவர்கள். வேர்ப்பக்கம் மஞ்சள் ஓடும், நடுவில் பால் நிறம் வரும், நுனியில் கண்ணாடி போல ஒரு நீலம் தெரியும். சிலருக்குத் தேநீர் குடித்துக் குடித்து மயிரிழை போல் ஒரு கோடும் விழுந்திருக்கும். அத்தனையையும் பீங்கான் மாவைக் குழைத்துத் தூரிகையால் ஒவ்வொரு படையாக வைத்து, உலையில் சுட்டு எடுக்க வேண்டும். சுடும்போது அது சுருங்கும், நிறமும் மாறும். எவ்வளவு சுருங்கும், எப்படி மாறும் என்பது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிரசாந்தி அந்த மேசைக்கு ஆசைப்பட்டாள். மூன்று முறை ஹெதரிடம் கேட்டாள். மரே இருக்கும்வரை இடமில்லை என்று பதில் வந்தது. அவள் மதிய இடைவேளைகளில் தனியாகப் பழக ஆரம்பித்தாள். லோஜனாவின் விழுந்த பால்பல் ஒன்றை நகைப்பெட்டியில் வைத்திருந்தாள். அதை எடுத்துவந்து, அதைப் போலவே மூன்று பற்களை நாலு மாதம் பாடுபட்டுச் செய்தாள். மரே ஓய்வு பெற்றுப் படகோடு வாங்கரேய் பக்கம் போகப்போகிறார் என்று தெரிந்த அன்று, நாலு பற்களையும் ஒரு கறுப்புத் துணியில் வரிசையாக வைத்து, இவற்றில் எது என் மகளுடையது என்று ஹெதரிடம் கேட்டாள்.

ஹெதர் பெரிதாக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்தார். இரண்டாவதைக் காட்டினார். உண்மையான பல் நான்காவது.

அடுத்த திங்கட்கிழமை ஜன்னலோர மேசை பிரசாந்திக்கு வந்தது. அவளுடைய பழைய மேசையில், மவுத்கார்ட் தட்டுகளோடு, மதுரைப் பக்கத்துப் பெண்ணான சிந்து உட்கார்ந்தாள். சிந்துவுக்கு முப்பத்திரண்டு வயது, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கேட்டபடியே கத்தரிப்பாள். நாலரை மணிக்கு மேசையைத் துடைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். இந்த வேலையில் ஒருத்திக்கு எப்படிச் சிரிப்பு வருகிறது என்று பிரசாந்தி ஆச்சரியப்பட்டாள்.

முதல் நாலைந்து மாதம் பிரசாந்திக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. காலையில் கார் சாவியை எடுக்கும்போதே அன்றைய பல் கண்முன் நிற்கும். ஒரு பள்ளி ஆசிரியையின் முன்பல்லைச் செய்து அனுப்பினாள். வைத்தியர் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எந்தப் பல்லைத் தான் செய்தோம் என்று பிரசாந்திக்கே ஒரு நொடி தெரியவில்லை. ஹெதரிடமிருந்து அன்றைக்கு ஒரு "ம்" வந்தது.

ஜனவரியில் கோடை விடுமுறை முடிந்து திரும்பியபோது வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பரீட்சை. கல்யாணத்துக்கு முன் வேண்டும் என்று ஒரு பெட்டி, வீடு விற்கும் முகவர் ஒருவருக்கு இயற்கையில் இல்லாத வெள்ளை வேண்டும் என்று இன்னொன்று. கையை மட்டும் ஓடவிட்டு மனதை ஆறவைக்கும் பொழுது ஒன்றுகூட நாளில் கிடையாது. ஒரே பல்லை ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தால் கண்ணுக்கு மஞ்சளும் சாம்பலும் ஒன்றாகிவிடும். அப்படிக் குழம்பி அனுப்பியவை திரும்பி வரத் தொடங்கின. பிப்ரவரியில் ஒரே வாரத்தில் மூன்று பெட்டிகள் திரும்பி வந்தன.

வீட்டிலும் அது தொடர்ந்தது. சான்ட்ரிங்ஹாமில் மரக்கறி வாங்கும்போது கடைக்காரரின் மேல்வரிசையைக் கவனித்தாள். கோயிலில் ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, அவருடைய இடப்பக்கத்து இரண்டாம் பல்லுக்கு எந்த நிறத்தில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சஞ்சீவன் வேலையிடத்துக் கதை ஒன்றைச் சுவையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், பாதியில் நிறுத்தினான்.

"என்னப்பா, நீர் என்னைப் பாக்கிறீரோ, என்ர பல்லைப் பாக்கிறீரோ?"

பிரசாந்தி சிரித்துச் சமாளித்தாள். களைத்துப்போனேன் என்று யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பதினொரு வருடம் கேட்டுக் கேட்டு வாங்கிய மேசை. ஆறு மாதத்தில் முடியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது?

இந்த நிலையில்தான், ஏப்ரல் தொடக்கத்தில், குலசிங்கத்தின் பெட்டி மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது.

குலசிங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது, சான்ட்ரிங்ஹாம்வாசி. ஜனவரியில் காலை நடைக்குப் போனவர், நடைபாதையில் படுத்துக் கிடந்த ஒரு வாடகை ஸ்கூட்டரில் தடுக்கி விழுந்து, மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் இழந்தார். அந்த நான்குக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே துண்டாகப் பல் கட்ட வேண்டும். முதலில் பிளாஸ்டிக்கில் அதே வடிவத்தில் ஒன்று செய்து வாயில் மாட்டிப் பார்ப்பார்கள். அது சரியென்றால்தான் பீங்கான். பிரசாந்தி மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் செய்து அனுப்பிவிட்டாள். நிறம் சரி, வடிவம் சரி, கடியும் சரி, ஆனால் பேச்சு சரியில்லை என்று நோயாளி சொல்கிறார், எனக்கு ஒரு குறையும் கேட்கவில்லை என்று வைத்தியர் எழுதியிருந்தார். ஆளையே நேரில் பார்த்துவிடலாம் என்றார் ஹெதர்.

இரண்டு பஸ் மாறி, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு அவர் வந்தார். திரும்பி வந்த துண்டை வாயில் மாட்டிக்கொண்டு, ஹெதரிடம் ஆங்கிலத்தில், திருத்தமாக, தன் குறையைச் சொன்னார். அந்தக் குறையைச் சொன்ன பேச்சிலேயே ஒரு குறையும் இல்லை. ஹெதர் பிரசாந்தியைப் பார்த்த பார்வையில் 'இவருக்கு என்ன வேண்டும்' என்று இருந்தது. அப்போதுதான் அவர் பிரசாந்தியின் பக்கம் திரும்பி, பிள்ளை தமிழோ என்று கேட்டார். ஓம் என்றதும் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

உடுவிலைப் பிறப்பிடமாகவும், சான்ட்ரிங்ஹாமை வதிவிடமாகவும் கொண்ட திருமதி வேதநாயகி நந்தகோபன் அவர்கள் காலமானார் என்பது தாளில் இருந்தது. பிரசாந்தியின் காதில் விழுந்தது வேறு. வதிவிடம் 'ஃபடிஃபிடம்' ஆகியிருந்தது. வேதநாயகி 'ஃபேடநாயகி' ஆகியிருந்தாள்.

அந்தக் குரலைப் பிரசாந்திக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சனிக்கிழமை காலைகளில் வானொலியில் ஒரு மணி நேரம் வரும் தமிழ் நிகழ்ச்சியின் குரல் அது. கொஞ்சம் செய்தி, கொஞ்சம் பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, கடைசியில் மரண அறிவித்தல். பத்தொன்பது வருடமாக, தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தபோதும் ஓய்வு பெற்ற பிறகும், ஒரு சனிக்கிழமை தவறாமல் அவர் அதைச் செய்துவந்தார். ஜனவரிக்குப் பிறகு தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு ஒதுங்கியிருந்தார். இப்போது அந்த ஒரு மணி நேரமும் பாட்டு மட்டும்தான் போகிறதாம்.

"பாட்டு ஆரும் போடலாம் பிள்ளை," என்றார் குலசிங்கம். "ஒரு வீட்டில சாவு நடந்திருக்கு. அந்தப் பேரை நான் பிழையா வாசிச்சால் அந்தச் சனம் ஆயுளுக்கும் மறக்காது. அவையள் என்னட்டத் தந்தது ஒரு பேர் மட்டும்தானே."

வைத்தியருக்கு ஏன் கேட்கவில்லை என்பதும் பிரசாந்திக்கு விளங்கியது. ஆங்கிலத்தில் டி சொல்லும்போது நாக்கு பல்லுக்கு மேலே அண்ணத்தில்தான் படும். தமிழில் 'த'வும் 'ந'வும் சொல்ல நாக்கு மேற்பல்லின் பின்புறத்தையே தொட வேண்டும். பல்லின் முதுகு கொஞ்சம் தடித்துவிட்டாலும் 'த' மழுங்கிப் போகும். 'வ'வுக்குக் கீழுதடு பல்லின் நுனியை மெல்லத் தடவினால் போதும். ஆங்கில 'வி'க்கு நன்றாகவே அழுத்தலாம், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வைத்தியர் இவரை ஆங்கிலத்தில் எண்ணச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தப் பரீட்சையில் இந்தக் கோளாறு வரவே வராது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து சுலபம் என்று நினைத்தாள். நுனியை அரை மில்லிமீட்டர் குறைத்தாள். முதல் தடவையிலேயே 'வ' திருந்தியது. 'த'தான் படுத்தியது. பின்புறத்தை நுனிப்பக்கத்திலிருந்து தேய்த்து மெலிதாக்கி ஒரு துண்டு அனுப்பினாள். குலசிங்கம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார். வேதநாயகி இப்போது 'வேடநாயகி'. இன்னும் மெலிதாக்கினாள், அது அவள் கையிலேயே உடைந்தது. பீங்கானிலும் அவ்வளவு மெலிதாகச் செய்தால் ஒரு முறுக்கைக் கடிக்கத் தாங்காது. மூன்று நாள் வேறு எந்தப் பெட்டியையும் தொடாமல் இதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்றப் பெட்டிகள் பின்னால் அடுக்கி நின்றன.

நான்காம் நாள் புதன்கிழமை. சிந்துவின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே செய்தி வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூற்று நாற்பது மவுத்கார்ட் வெள்ளி மாலைக்குள் போக வேண்டும். பாதிகூட ஆகவில்லை. ஹெதர் பிரசாந்தியின் மேசைப் பக்கம் வந்து, அவற்றை முடித்துத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

பிரசாந்திக்கு எரிச்சல் வந்தது. இதிலிருந்து தப்பத்தானே பதினொரு வருடம் காத்திருந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பழைய மேசையில் போய் உட்கார்ந்தாள். முதல் ஐந்தாறை வேண்டா வெறுப்பாகக் கத்தரித்தாள். பத்தாவதில் கைக்குப் பழைய தாளம் வந்துவிட்டது. தகடு சூடாகிக் குழைந்து தொங்கும். இயந்திரம் ஸ்ஸ் என்று இழுக்கும். கத்தரி வளைந்து போகும். விளிம்பு சக்கரத்தில் பட்டு வழுவழுப்பாகும். ஒன்று முடிந்தால் அது உண்மையாகவே முடிந்தது. பையில் போட்டால் திரும்பி வராது. பதினொரு மணிக்கு எழுந்து தேநீர் போட்டுக் குடித்தாள். தேநீர் சூடாக இருந்ததையும் இனித்ததையும் கவனித்தாள். தோள் இரண்டும் காதிலிருந்து இறங்கி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.

மதியத்துக்கு மேல், கை தன்பாட்டில் ஓட, அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பாட்டு என்று நினைத்தாள். கவனித்தபோது அது குலசிங்கத்தின் அறிவித்தல். வேதநாயகி நந்தகோபன், வேதநாயகி நந்தகோபன். மவுத்கார்ட் இயந்திரத்தின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்பதால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். எத்தனையாவது தடவையிலோ, தன் நாக்கு எங்கே தொடுகிறது என்பது அவளுக்குத் தெரிந்தது. நுனிப்பக்கத்தில் இல்லை. அவள் மூன்று நாளாகத் தேய்த்துத் தேய்த்து உடைத்த இடத்தை நாக்கு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது தொட்டது மேலே, பல்லின் முதுகு ஈறோடு சேரும் இடத்தில். சாதாரணப் பல்லில் அங்கே ஒரு சிறு பள்ளம் இருக்கும். பலமாக இருக்கட்டும் என்று அவள் அந்த இடத்தைப் பூசி மெழுகி நிரப்பி வைத்திருந்தாள்.

எழுந்து ஓடவில்லை. கையிலிருந்ததை முடித்தாள். அதற்குப் பிறகு இன்னும் பதினெட்டு மவுத்கார்ட் செய்தாள், செய்தபடியே பள்ளத்தின் ஆழத்தை யோசித்தாள். பற்கள் ஒன்றோடொன்று சேரும் இணைப்புகளில் பலத்தை விட்டுவைத்து, ஒவ்வொரு பல்லின் முதுகிலும் நடுவில் மட்டும் குழித்தால் உடையாது. மறுநாள் காலையில் புதுப் பிளாஸ்டிக் துண்டு தயாராகிவிட்டது. பிற்பகலில் மறுபடி மவுத்கார்டில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை சிந்து வந்தபோது முப்பதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் வைத்தியர் அவளையும் வரச் சொன்னார். நாற்காலியில் சாய்ந்திருந்த குலசிங்கத்துக்குத் துண்டை மாட்டி, நாற்காலியை நிமிர்த்தினார்கள். அவர் தாளை எடுக்கவில்லை. இத்தனை நாளில் மனப்பாடம் ஆகியிருந்தது. உடுவிலைப் பிறப்பிடமாகவும் என்று தொடங்கி, நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தார். வைத்தியருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் பிரசாந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரசாந்தி இன்னொரு தடவை என்றாள். இரண்டாம் தடவை அவர் வேகமாக, வானொலியில் சொல்வது போலவே சொன்னார். வேதநாயகி வேதநாயகியாகவே வந்தாள்.

குலசிங்கம் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணையும் துடைத்தார்.

"சரி பிள்ளை," என்றார். "இது நான்தான்."

பீங்கான் துண்டு இரண்டு வாரத்தில் முடிந்தது. பேச்சு அப்படியே இருந்தது. ஆனால் நிறத்தில் ஒரு சிறு பிசகு விழுந்துவிட்டது. அவருடைய மற்றப் பற்களைவிட ஒரு மாற்றுக் கூடுதலாக வெளுப்பு. மாட்டிய பிறகுதான், வெளி வெளிச்சத்தில் பிரசாந்தியின் கண்ணில் பட்டது. கழற்றித் தாருங்கள், ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். குலசிங்கம் வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு கையால் வாயை மறைத்துக்கொண்டு, வானொலியில் யார் பல்லைப் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு மாற்று வெளுப்பு பிரசாந்தியை ஒரு மாதம் அரித்திருக்கும். அன்று வீட்டுக்குப் போய்ப் புட்டு அவித்தாள்.

அந்தச் சனிக்கிழமை லோஜனாவின் நெட்பால் ஆட்டத்துக்காக மைதானத்துக்கு வெளியே மூன்று பேரும் காரில் காத்திருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. சஞ்சீவன் வானொலியைப் போட்டான். ஒரு பாட்டு முடிந்து, வணக்கம் என்று குலசிங்கத்தின் குரல் வந்தது. தொண்டை சுகமாகிவிட்டது, விசாரித்தவர்களுக்கு நன்றி என்றார். பொய்தான், யாருக்கும் கெடுதி இல்லாத பொய். பின் இருக்கையில் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்த லோஜனா தலையை நிமிர்த்தி, "மம், இஸ் தட் யோர் டீத்?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றாள் பிரசாந்தி. "நாலும் என்ரதான்."

திங்கட்கிழமை அவள் ஹெதரின் அறைக் கதவைத் தட்டினாள். இரண்டு வாரமாகச் சொல்லிப் பழகி வைத்திருந்த ஆங்கில வாக்கியங்கள் உள்ளே போனதும் காணாமல் போயின. செவ்வாயும் வியாழனும் காலைப் பொழுதில் எனக்கு மவுத்கார்டும் இரவு உறையும் வேண்டும், மற்ற நேரம் முன்பல் செய்கிறேன் என்று நேராகவே கேட்டுவிட்டாள். ஹெதருக்கு அது விசித்திரமாக இருந்தது. பதினொரு வருடம் அதிலிருந்து விடுதலை கேட்டவள் நீதானே என்றார். முன்பற்கள் வரிசையில் காத்துக் கிடக்குமே என்றார். கண்ணும் தலையும் தெளிவாக இருந்தால் திரும்பி வருவது குறையும், வரிசையும் குறையும், ஒரு மாதம் பார்த்துவிட்டு வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன் என்றாள் பிரசாந்தி.

ஹெதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மரே தினமும் காலையில் எல்லோருக்குமான பிளாஸ்டரையும் தானே கரைத்து, எல்லா மாதிரிகளையும் தானே வார்த்துவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார் என்றார். அது கற்றுக்குட்டி செய்யும் வேலை, மனிதர் யாரையும் நம்பமாட்டார் போலும் என்று இருபது வருடம் நினைத்திருந்தாராம், காரணம் இப்போதுதான் புரிகிறதாம். சரி, ஒரு மாதம் என்றார்.

சிந்துவிடம் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. அவளுடைய வேலையில் கைவைப்பது போலாகிவிடக் கூடாது. அந்த இரண்டு காலை வேளைகளிலும் நீங்கள் விரும்பினால் ஜன்னலோர மேசையில் முன்பல் பழகலாம், நான் சொல்லித் தருகிறேன் என்றாள். சிந்து காதிலிருந்ததைக் கழற்றினாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க, எனக்கு வேண்டாம். நீங்க அந்த மேசையில உட்கார்ந்து படுற பாட்டை நான் தினம் பார்க்கிறேன். எனக்கு வேலை வேலையா இருந்தாப் போதும். மூளையைப் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு போகணும்."

வீட்டில் அந்த மூளைக்கு என்ன வேலை என்று பிரசாந்தி கேட்டாள். சிந்து கொஞ்சம் வெட்கப்பட்டாள். குழந்தை தூங்கிய பிறகு, பொம்மைகளுக்கு மரத்தில் வீடு செய்கிறாளாம். கதவு, ஜன்னல், தீக்குச்சி நீளத்துக்கு மாடிப்படி, எல்லாம் அளவு தப்பாமல். செல்பேசியில் படம் காட்டினாள். ஒரு வீட்டுக்குள் விரல்நக அளவில் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. பிரசாந்தி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். தன்னை அறியாமல் அவள் வாயிலிருந்து ஒரு "ம்" வந்தது. கடைசியில், அந்த இரண்டு காலை வேளைகளிலும் சிந்து கடைவாய்ப் பல் கிரவுன்களை எடுத்துக்கொள்வதாக முடிவாயிற்று.

ஒரு மாதம் என்றது ஐந்து மாதமாகியும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜூலையில் இரண்டு பெட்டிகள் ஒன்றாகத் திரும்பி வந்தன. ஒரு வாரம் அவசரம் அவசரம் என்று மவுத்கார்ட் காலைகள் இரண்டும் பறிபோயின. அந்த வாரக் கடைசியில் அவள் சஞ்சீவனின் பல்லை மறுபடி உற்றுப் பார்த்தாள், அவன் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிட்டான். மற்றபடி வியாழக்கிழமைகளில் தேநீர் சூடாகவே இருந்தது.

அக்டோபரில், தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், சிந்துவின் கணவன் வெற்றி அவள் சுட்ட முறுக்கையே கடித்து முன்பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டான். அச்சுப் பெட்டி லாபுக்கு வந்ததும் பிரசாந்தி கையை நீட்டினாள். சிந்து பெட்டியைக் கொடுக்கவில்லை. முறுக்கு என்னுடையது, பல்லையும் நானே செய்கிறேன் என்றாள்.

அந்த வாரம் முழுக்க சிந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிரசாந்தி பழைய மேசையில் சிந்துவின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டாள். அது ரக்பிக் காலம் இல்லை என்பதால் இரவு உறைகள்தான் அதிகம். கேட்டபோது மட்டும் எழுந்துபோய்ப் பார்த்தாள். முதல் பல் சாம்பல் நிறத்தில் வந்தது. இரண்டாவது சுட்டபோது வெடித்தது. மூன்றாவதைச் சிந்துவே குப்பையில் போட்டாள். நாலரை மணிக்குப் போகிறவள் மூன்று நாள் ஆறு மணிவரை இருந்தாள், காதில் எதுவும் மாட்டவில்லை. நாலாவது பல்லை ஹெதர் எடுத்து, வெற்றியின் படத்தோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்து மூடினார். அனுப்பலாம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தார்கள். எப்படி இருந்தது என்று பிரசாந்தி கேட்டாள். சிந்து சிவந்த கண்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா இருந்துச்சுக்கா. ரொம்ப நல்லா இருந்துச்சு. வருஷத்துக்கு ஒண்ணு போதும்."